சேவையகத்தின் விடைகள்: பதிவேட்டைப் படித்தலும் நிலைக்குறியீடுகளை வரைபடமாக்கலும்

முன்னுரை

தமிழ் நூல்களையும் அகராதிகளையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் ஏற்றி வைக்கும் பணியில் நாம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஈடுபட்டு வருகிறோம். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை ஆகியனவே முதன்மைச் சிக்கல்களாக இருந்தன. அவை இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. எஞ்சி நிற்பது வேறொரு வினா. ஏற்றி வைத்த சொல், அதைத் தேடி வந்தவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதே அது. நூலகத்தில் நூல் இருப்பதும், கேட்டவர்க்குக் கேட்ட பொழுதில் அது கிடைப்பதும் ஒன்றல்ல.

இவ்வினாவிற்கான விடை ஒவ்வோர் இணையத்தளத்திலும் நொடிதோறும் எழுதப்பட்டு வருகிறது. எழுதுவது சேவையகம், எழுதப்படும் இடம் அதன் அணுகல் பதிவேடு. ஆயினும் அப்பதிவேட்டைத் திறந்து பார்ப்போர் சிலரே. தளம் நின்றுபோனால் பொறியாளர் பார்ப்பார்; மற்றபடி அது சில வாரங்களில் அழிக்கப்பட்டுவிடும். அதைப் படிப்பது எவ்வாறு, அதிலுள்ள நிலைக்குறியீடுகளை எண்ணி வரைபடமாக்குவது எவ்வாறு, அவ்வரைபடம் தமிழ்ப்பணி செய்வோர்க்கு எதை உணர்த்தும் என்பனவற்றை இவ்வுரையில் காண்போம். கணினியியல் பயிலாதவரும் பின்தொடரக்கூடிய செய்திகளே இவை. ஏனெனில் அடிப்படையில் இது வினாவும் விடையும் பற்றிய செய்தி.

பதிவேட்டு வரியின் அமைப்பு

கேட்டவர்க்குக் கேட்ட பக்கத்தை எடுத்துத் தருவதே சேவையகத்தின் தொழில். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகியன அத்தொழிலைச் செய்யும் புகழ்பெற்ற மென்பொருள்கள். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அவை பதிவேட்டில் ஒரு வரி எழுதுகின்றன. தமிழ் அகராதித் தளம் ஒன்றில் ‘கொடி’ என்னும் சொல்லை ஒரு மாணவர் தேடுவதாகக் கொள்வோம். அவ்வரி ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

192.0.2.17 - - [14/ஜூலை/2025:07:42:10 +0800] "கெட் /சொல்/கொடி எச்டிடிபி/1.1" 404 512

உண்மைப் பதிவேட்டில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும். படிப்பதற்கு எளிதாகத் தமிழில் எழுதியுள்ளோம். முதலில் உள்ளது கேட்டவரின் இணைய முகவரி. (இங்குள்ள எண், எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டது.) அடுத்துள்ள இரு சிறுகோடுகள், பயனர் யார் என்பதைக் குறிக்க வேண்டிய இடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதைக் காட்டுகின்றன. பின்னர் நாளும் நேரமும், மேற்கோள் குறிகளுக்குள் வேண்டுகோள், அதன்பின் மூன்றிலக்க நிலைக்குறியீடு, இறுதியில் அனுப்பிய தரவின் அளவு ஆகியன வருகின்றன.

தமிழில் வேற்றுமை உருபு பொருளுறவை உணர்த்துவதால் தொடரின் சொற்கள் இடம் மாறி நிற்கலாம். பதிவேட்டு வரிக்கு உருபு கிடையாது, இடமே பொருள். அதனால்தான் சொல்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலும் ஒரு சிறுகோடு நிற்க வேண்டியிருக்கிறது. அது விடுபட்டால் பின்வரும் அனைத்தும் ஓரிடம் முன்னே நகர்ந்து, தரவின் அளவை நிலைக்குறியீடாகப் படிக்கும் குழப்பம் நேரும்.

விரிந்த வடிவப் பதிவேட்டில் மேலும் இரு செய்திகள் இருக்கும். வாசகர் எப்பக்கத்திலிருந்து வந்தார் என்பது ஒன்று. எந்த உலாவி அல்லது எந்த நிரல் கேட்டது என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘ரெஃபரர்’. 1996இல் வெளிவந்த நெறிமுறை ஆவணத்திலேயே அச்சொல்லில் ஓர் எழுத்து குறைந்து போயிற்று. உலகெங்கும் மென்பொருள்கள் அவ்வெழுத்துப் பிழையோடு எழுதப்பட்டுவிட்டமையால் இன்றுவரை அப்பிழையே நெறியாக நிலைத்துவிட்டது. வழக்கு இலக்கணத்தை வெல்லும் என்பதற்கு இயந்திர உலகிலும் சான்று உண்டு.

எட்டு விடைகளும் மூன்று இலக்கங்களும்

1991இல் டிம் பெர்னர்ஸ் லீ வகுத்த நெறிமுறையின் முதல் வடிவத்தில் நிலைக்குறியீடு இல்லை. கேட்ட பக்கம் வரும். பக்கம் கிடைக்காவிட்டால் அச்செய்தியும் ஒரு பக்கமாகவே வரும். மனிதர் படித்து வேறுபாட்டை அறியலாம். இயந்திரத்தால் அறிய இயலாது. இக்குறையை நீக்கவே மூன்றிலக்கக் குறியீடுகள் வந்தன. கோப்பு மாற்ற நெறிமுறையிலும், 1982இல் வெளியான மின்னஞ்சல் நெறிமுறையிலும் இத்தகைய எண்கள் முன்பே வழக்கில் இருந்தன. 1996 மே மாதம் வெளியான 1.0 பதிப்பின் ஆவணத்தில் அவை வலைக்கும் முறைப்படி இடம்பெற்றன.

முதலிலக்கம் வகையைக் குறிக்கும். 1 எனில் பணி தொடர்கிறது; 2 எனில் நிறைவேறியது; 3 எனில் வேறிடம் செல்க அல்லது வேறொன்று செய்க; 4 எனில் கேட்டதில் குறை; 5 எனில் கொடுப்பவரிடம் குறை. பின்னிரு இலக்கங்களும் அவ்வகைக்குள் இன்னது என்று பிரித்துக் காட்டும்.

நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுப்பதைத் தமிழாசிரியர் அறிவர். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வினாவிற்கு நேரே விடையாவன. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாவன. நிலைக்குறியீடுகளை இவ்வகைகளோடு வைத்துப் பார்த்தால் மனத்தில் எளிதில் பதியும்.

200 என்பது நேர்விடை: கேட்டது இதோ. 301, 302 ஆகியவை சுட்டுவிடை: அது அங்கே இருக்கிறது. 301 நிலையான இடமாற்றத்தையும் 302 தற்காலிக இடமாற்றத்தையும் சுட்டும். 403, 404, 410 ஆகியவை மறைவிடை. இவற்றுள்ளும் நுட்பமான வேறுபாடு உண்டு. 403 ‘தரமாட்டேன்’ என்கிறது. 404 ‘இங்குக் காணவில்லை’ என்கிறது. 410 ‘முன்பு இருந்தது, இனி இல்லை’ என்கிறது. 304 ஏவல்விடை: ‘உன்னிடம் முன்பே உள்ள படி மாறவில்லை, அதையே எடுத்துக்கொள்’ என உலாவியை ஏவுகிறது. 401 வினா எதிர் வினாதல்: ‘நீர் யார்?’ எனத் திருப்பிக் கேட்கிறது. 500 உற்றதுரைத்தல்: ‘எனக்கு உள்ளே பழுது நேர்ந்தது’ என்கிறது. 503 ‘இப்போது இயலாது’ என்பதோடு, எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதையும் உடன் சொல்லக்கூடும். இதை உறுவது கூறலோடு ஒப்பிடலாம். இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் முற்றப் பொருந்துவதன்று. நினைவில் நிறுத்துவதற்கு உதவும் வாய்பாடு எனக் கொள்க. எட்டாவதாகிய இனமொழிவிடையைப் பின்னர்க் காண்போம்.

பொது நெறியில் இடம்பெறாத வட்டார வழக்குகளும் உண்டு. என்ஜின்எக்ஸ் தன் பதிவேட்டில் எழுதும் 499 அத்தகையது. விடை வருமுன் கேட்டவர் எழுந்து போய்விட்டார் என்பது அதன் பொருள். பக்கம் மிகத் தாமதமாகத் திறக்கும் தளங்களில் இவ்வெண் பெருகும்.

நான்காம் வகையைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. நெறிமுறை அதனைக் கேட்பவர் பக்கத்துக் குறை என்று வகைப்படுத்துகிறது. அவ்வாறு கொண்டு, 404 வந்தால் வாசகர்தாம் தவறாகக் கேட்டார் எனத் தள்ளிவிடுவது பொறுப்பைக் கைகழுவுவதாகும். தளத்தைப் புதுப்பித்தபோது பழைய முகவரிகளுக்கு 301 இடாமல் விட்டவர் நாமெனில், பாடநூலில் அச்சிட்ட முகவரியைத் தட்டிய மாணவர் செய்த குறை யாது?

தமிழ்ச் சொல் பதிவேட்டில் கொள்ளும் வடிவம்

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கு எழுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல் நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைட்டு. ஆகப் பதினைந்து பைட்டு. இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக மூன்று இடம் கொள்ளும், ஆக நாற்பத்தைந்து. மூன்றெழுத்துச் சொல் பதிவேட்டில் நாற்பத்தைந்து இடங்களை நிரப்பி நிற்கிறது. அதைப் பார்த்தவுடன் படிக்க எவராலும் இயலாது. ஆகவே தமிழ்த் தளத்தின் பதிவேட்டைப் படிக்கும் நிரல், முதற்கண் இவ்விழுக்காட்டு வடிவத்தைத் தமிழெழுத்தாக மீட்டெடுக்க வேண்டும்.

மீட்டெடுத்த பின்னும் சிக்கல் முற்றுவதில்லை. ‘கொ’ என்னும் எழுத்தை யூனிகோடில் இரு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றை இடுவது ஒரு வகை. ககரத்தோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டு வரிசையில் வேறுவேறு. அகராதி ஒரு வடிவத்திலும் மாணவரின் விசைப்பலகை மறுவடிவத்திலும் எழுதினால், ‘கொடி’ என்னும் சொல் தளத்தில் இருந்தும் சேவையகம் 404 என விடையிறுக்கும். இவ்விரு வடிவங்களும் ஒன்றே என யூனிகோடு நெறியே வரையறுத்துள்ளது. வேண்டுகோள் வந்தவுடன் அதை ஒருவடிவப்படுத்திவிட்டால் இக்குறை நீங்கும்.

ஔகாரத்தின் நிலை இன்னும் கடினம். ‘ஔவை’ என்பதைச் சிலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ எனத் தட்டுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு பெரிதாகப் படுவதில்லை. இதை யூனிகோடு நெறி ஒன்றாகக் கருதுவதில்லை. எனவே மேற்சொன்ன ஒருவடிவப்படுத்தல் இங்குப் பயன்படாது. தளத்தார் தாமே விதி எழுதிச் சரியான முகவரிக்கு 301 இட வேண்டும். எவ்வெழுத்தில் இத்தகைய தடுமாற்றம் மிகுதி என்பதை ஊகித்து அறிய வேண்டியதில்லை; 404 வரிகளே காட்டிவிடும்.

எண்ணுதலும் வரைதலும்

கண்காணிப்பை நான்கு படிகளில் அமைக்கலாம்.

முதற்படி, ஒருமுறை எண்ணிப் பார்த்தல். மேற்காட்டிய வரியை இடைவெளிதோறும் பிரித்தால் நிலைக்குறியீடு ஒன்பதாம் இடத்தில் நிற்கும். ‘ஆக்’ என்னும் கருவியைக் கொண்டு ஒன்பதாம் சொல்லை மட்டும் எடுத்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்துள்ளது என எண்ணினால் ஒருநாளின் நிலை ஒரு சிறு பட்டியலில் அடங்கும். இதற்கு ஒரே ஒரு கட்டளை வரி போதும். கோஅக்செஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் இதையே அட்டவணைகளாகவும் படங்களாகவும் தரும். சிறு தளங்களுக்கு இப்படியே போதுமானது.

இரண்டாம் படி, தொடர்ந்து படித்தல். பதிவேட்டின் கடைசி வரியைப் பின்தொடரும் சிறுநிரல் ஒன்றை இயக்கி, ஒவ்வொரு குறியீட்டிற்கும் ஓர் எண்ணியை வைக்க வேண்டும். இங்குக் கருதத்தக்கது பதிவேட்டுச் சுழற்சி. கோப்பு பெருத்துவிடாதிருக்க, நாள்தோறும் பழைய கோப்புக்கு வேறு பெயரிட்டுப் புதியது தொடங்குவது வழக்கம். கோப்பின் பெயரைப் பின்தொடராமல், முதலில் திறந்த கோப்பையே பற்றி நிற்கும் நிரல், சுழற்சிக்குப் பின் எவரும் எழுதாத பழைய ஏட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி, சேமித்தல். புரோமீத்தியஸ் போன்ற காலத்தொடர்த் தரவுத்தளம், குறித்த இடைவெளிதோறும் எண்ணிகளின் அளவைக் கேட்டுப் பெற்று நேரத்தோடு சேர்த்து வைக்கும். எண்ணி, வண்டியின் தொலைவு காட்டியைப்போல ஏறிக்கொண்டே செல்வது. அதை அப்படியே வரைந்தால் ஏறுமுகக் கோடு ஒன்றே கிடைக்கும்; நிமிடத்திற்கு எத்தனை கூடிற்று என்னும் வீதத்தையே வரைய வேண்டும். குறியீட்டையும் பக்க வகையையும் மட்டுமே எண்ணியின் அடையாளமாக இடுவது நன்று. ஐம்பதாயிரம் சொற்கள் உள்ள அகராதியில் சொல்லுக்கொரு எண்ணி வைத்தால் தரவுத்தளம் தன் சுமையாலேயே தளர்ந்துவிடும். எச்சொல் கிடைக்கவில்லை என்பதை அறிய வேண்டும்போது மூலப் பதிவேட்டிற்குத் திரும்புவதே முறை.

நான்காம் படி, வரைதல். கிரஃபானா போன்ற கருவியில் கிடைக்கோட்டில் நேரத்தையும் செங்குத்துக் கோட்டில் வீதத்தையும் கொண்டு, வகைக்கொரு நிறத்தில் வரையலாம். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடுக்கினால் இரண்டாம் வகை மற்றவற்றை விழுங்கிவிடும். ஆதலின் நான்காம் வகைக்கும் ஐந்தாம் வகைக்கும் தனிப்படங்கள் தேவை. அவற்றை மொத்த வேண்டுகோள்களின் விழுக்காடாக வரைவது சிறப்பு. எச்சரிக்கை மணியையும் விழுக்காட்டின்மேலேயே வைக்கலாம். ஆனால் ஒரு குறைந்த அளவு வேண்டுகோள்கள் வந்திருந்தால் மட்டுமே அது ஒலிக்க வேண்டும். நள்ளிரவில் வந்த இரண்டு வேண்டுகோள்களில் ஒன்று தவறினால் அதுவும் ஐம்பது விழுக்காடே.

வரைபடம் உணர்த்துவன

ஐந்தாம் வகைக் கோடு சட்டென உயர்ந்து இரண்டாம் வகை தாழ்ந்தால் பழுது உள்ளே இருக்கிறது. 404 கோடு ஊசிபோல எழுந்து உடனே அடங்கினால், பெரும்பாலும் அது தளங்களில் ஓட்டை தேடி அலையும் தானியங்கி நிரலின் வேலை. அது கேட்ட முகவரிகளைப் பார்த்தாலே புலப்படும். அதே கோடு படிக்கட்டுபோல ஓரிடத்தில் உயர்ந்து அங்கேயே நின்றுவிட்டால், அந்த நேரத்தில் நம் தளத்தில் ஏதோ மாற்றப்பட்டுள்ளது. 499உம் 504உம் நாள்தோறும் சிறிது சிறிதாக ஏறினால் தளம் மெல்லத் தளர்ந்து வருகிறது.

நேரத்தைக் குறித்தும் கவனம் வேண்டும். சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் 1982 முதல் உலகப் பொது நேரத்திற்கு எட்டு மணி முற்பட்ட நேரத்தைக் கொண்டுள்ளன. பதிவேடு பொது நேரத்தில் எழுதப்பட்டால், திங்கட்கிழமை காலை 7.42க்கு வகுப்பறையில் நேர்ந்த தடை, ஞாயிறு இரவு 23.42க்கு நேர்ந்ததாகத் தோன்றும். பள்ளி தொடங்கும் வேளையில் தளம் திணறுகிறது என்னும் உண்மை, எவருமற்ற ஞாயிற்றுக்கிழமை இரவில் மறைந்துபோகும்.

வரைபடத்திற்குத் தெரியாதன இரண்டு உள. முதலாவது மௌனம். சேவையகம் அடியோடு நின்றுவிட்டால் அது பிழை என்று எழுதுவதற்கும் ஆளில்லை. வரைபடத்தில் பிழைக்கோடு உயராது, வெற்றிடமே இருக்கும். இன்மையைச் சுழியமாகப் படித்தல் ஆகாது. ஆகவே வெளியிலிருந்து நிமிடத்திற்கொருமுறை கதவைத் தட்டிப் பார்க்கும் தனி நிரல் ஒன்றும் உடன் இருக்க வேண்டும்.

இரண்டாவது பொய்யான 200. நாம் முன்னர் ஒத்தி வைத்த இனமொழிவிடை இதுவே. ‘ஆடுவாயா?’ எனக் கேட்டால் ‘பாடுவேன்’ என்பதுபோல, ஒரு சொல்லைக் கேட்டவர்க்குச் சில தளங்கள் முகப்புப் பக்கத்தைத் தருகின்றன. அல்லது ‘நீங்கள் தேடிய சொல் இல்லை’ என அழகிய தமிழில் எழுதிய பக்கத்தைத் தருகின்றன. இரண்டிற்கும் குறியீடு 200. மனிதர்க்கு இல்லை என்றும் இயந்திரத்திற்கு உண்டு என்றும் ஒரே வாய் சொல்கிறது. இதனால் வரைபடம் எப்போதும் நலமாகவே காட்சி தரும். நெறிமுறை குறியீடின்றி இருந்த 1991ஆம் ஆண்டின் நிலைக்கே நாம் திரும்பிவிடுகிறோம். இல்லாததற்கு 404 எனச் சொல்வதே வாசகர்க்கும் பதிவேட்டிற்கும் செய்யும் நேர்மை. அப்பக்கத்தில் எழுதும் தமிழ் எவ்வளவு கனிவாகவும் இருக்கலாம். எண் மட்டும் மெய்யாக இருக்க வேண்டும்.

404 வரிகளின் பயன்

அகராதித் தளம் ஒன்று இந்நேர்மையைக் கடைப்பிடித்தால் அதற்கு ஓர் அரிய செல்வம் கிட்டும். தானியங்கிகளின் வரிகளை நீக்கி, எஞ்சிய 404 வரிகளைச் சொல்வாரியாக எண்ணி, மிகுதியாகக் கேட்கப்பட்டதை மேலே வைத்து அடுக்கினால், வாசகர் தேடியும் நாம் கொடுக்காத சொற்களின் பட்டியல் அணியமாகிவிடும். சில எழுத்துப்பிழைகளாக இருக்கும்; அவை மாணவர் எங்கே தடுமாறுகின்றனர் என்பதை ஆசிரியர்க்குக் காட்டும். சில வேற்றுமை உருபேற்ற வடிவங்களாக இருக்கும். ‘மரத்தை’ எனத் தேடுவோரை ‘மரம்’ என்னும் தலைச்சொல்லுக்கு அழைத்துச் செல்லும் வழி வேண்டும் என அவை சொல்லும். சில நம் வட்டார வழக்குகளாகவோ புதுச்சொற்களாகவோ இருக்கும். அடுத்த பதிப்பில் சேரத் தகுதியுடையவை அவை. அகராதி தொகுப்போர் ஊர் ஊராகச் சென்று கேட்டுப் பெற வேண்டிய செய்தி இங்கே தானே வந்து குவிகிறது.

அதே வேளையில் பதிவேட்டில் இணைய முகவரிகள் இருப்பதை மறத்தலாகாது. யார் எச்சொல்லைத் தேடினார் என்பது அவருக்கு உரிய செய்தி. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் தரவைக் கையாள்வோரின் கடமைகளை வரையறுக்கின்றன. ஆய்வுக்கு எடுக்கும் படியில் முகவரியின் இறுதிப் பகுதியை நீக்கிவிடுவதும், மூலப் பதிவேட்டைக் குறித்த நாளுக்குப்பின் அழித்துவிடுவதும், எண்ணிக்கையை மட்டும் நெடுங்காலம் வைத்திருப்பதும் தக்க நடைமுறையாகும்.

முடிவுரை

தமிழ்த் தளம் நடத்தும் பள்ளியும் மன்றமும் நூலகமும் முதற்கண் செய்யத்தக்கவை மூன்று. இல்லாத பக்கம் ஒன்றை வேண்டுமென்றே கேட்டு, உண்மையாக 404 வருகிறதா எனச் சோதிக்க வேண்டும். பதிவேடு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, அதை யார் படிக்கிறார் எனத் தளப் பொறுப்பாளரைக் கேட்க வேண்டும். திங்கள்தோறும் 404 பட்டியலின் முதல் ஐம்பது வரிகளைத் தமிழறிந்த ஒருவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். பொறியாளர் அவ்வரிகளைப் பார்த்தால் நாற்பத்தைந்து இடங்களை நிரப்பிய குறிகளையே காண்பார். அவை ‘ஔவை’ என்றும் ‘கொடி’ என்றும் கண்டு, ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க வல்லவர் தமிழ் கற்றவரே. அப்பணி நமக்குரியது.